தோள் வலிக்குது தாத்தா

பேத்திக்குப் பதின்மூன்று முடிந்து பதினான்கு நடக்கிறது. பெரம்பலூரில் படிக்கிறாள். ஒரு வருடமாக டென்னிஸ் ஆடுகிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், தலை வாரிக்கொள்ளச் சீப்பை எடுத்தாள். வலது கையைப் பாதி தூரம் தூக்கியவள் முகத்தைச் சுளித்து, சீப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்ன கண்ணு, கைக்கு என்ன ஆச்சு?"

"தோள் வலிக்குது தாத்தா. தினமும் நூறு சர்வீஸ் போடணும். ஓங்கி அடி, இன்னும் ஓங்கி அடின்னு சொல்றாங்க. பந்து நெட்டுலயே போயி விழுது."

அவள் பாட்டி தைலத்தை எடுத்து வந்து, "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இந்த ஆட்டமெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே தேய்த்துவிட்டாள். நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. மறுநாள் சாயந்திரம் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய், அவள் ஆடுகிற இடத்தில் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பார்த்ததிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். டென்னிஸில் நான் பெரிய ஆளெல்லாம் கிடையாது. ஆனால் சர்வீஸ் போடத் தெரியாமல் இருபது வருடம் அவதிப்பட்டவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

என் ஊர் செந்துறைப் பக்கம். பள்ளியில் நாங்கள் ஆடியதெல்லாம் பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், மரச்சட்ட மட்டை. பூப்பந்தில் சர்வீஸை இடுப்புக்குக் கீழிருந்து, கையைத் தாழ்த்தித்தான் போட வேண்டும். வருவாய்த் துறையில் சேர்ந்து அரியலூருக்கு வந்தபோது முப்பது வயது. அதிகாரிகள் கூடும் இடத்தில் ஒரே ஒரு மண் கோர்ட் இருந்தது. சாணி கரைத்துத் தெளித்து, கல் உருளையை உருட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். டபுள்ஸ் ஆட நாலாவது ஆள் கிடைக்காத ஒரு நாளில் என்னைக் கூப்பிட்டார்கள். பூப்பந்து ஆடிய மணிக்கட்டு இருந்ததால் மற்ற அடிகளெல்லாம் ஓரளவு வந்தன. சர்வீஸ் மட்டும் வரவில்லை. தலைக்கு மேலே பந்தைப் போட்டு அடிக்கிற பழக்கமே கிடையாது. பந்தை மேலே போட்டு, மட்டையால் மெல்லத் தள்ளிவிடுவேன். எதிரில் நின்ற மூத்த அதிகாரி ஒருவர், "உங்க சர்வீஸ் நம்ம தபால்காரர் மாதிரிங்க, வீடு தேடி வந்து கையில குடுத்துட்டுப் போகுது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

(அரியலூர் அப்போது திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் ஆயிற்று. 2001-ல் தனி மாவட்டம். 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007-ல் மறுபடி தனி. ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி மூன்று மாவட்டத்து முத்திரைகளைக் குத்தியவன் நான். முத்திரை மாறிக்கொண்டே இருந்தது, என் சர்வீஸ் மட்டும் 2012-ல் ஓய்வு பெறும்வரை மாறவில்லை.)

சும்மா இருக்காமல் ஒரு நாள் பதிலுக்குச் சொன்னேன்: "நம்ம ரமேஷ் கிருஷ்ணன் சர்வீஸும் மெதுவாத்தானே சார் இருக்கு? அவர் ஜெயிக்கலையா?"

இந்த வாதத்தைத் தமிழ்நாட்டில் டென்னிஸ் மட்டையைத் தொட்ட என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லியிருப்போம். அதைத்தான் இன்றைக்கு மறுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் அப்பா ராமநாதன் கிருஷ்ணனைச் சொல்லிவிடுகிறேன். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. 1966-ல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோச்சிடம் நாலாவது செட்டில் 2-5 என்று பின்தங்கி, அங்கிருந்து மீண்டு ஜெயித்து இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டு போனார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. டீக்கடையில் பேப்பரை ஒருவர் உரக்கப் படிக்க, டென்னிஸ் என்றால் என்னவென்றே தெரியாமல் சந்தோஷப்பட்டோம். பிறகு மகன் ரமேஷ். 1979-ல் விம்பிள்டன், பிரெஞ்சு இரண்டிலும் ஜூனியர் பட்டம். 1986-ல் விம்பிள்டன் கால் இறுதி, 1981-லும் 1987-லும் அமெரிக்க ஓபன் கால் இறுதி. 1987-ல் சிட்னியில் வாலி மசூரை வீழ்த்தி இந்தியாவை மறுபடி டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டு போனார். 1989-ல் ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரையே வென்றார். இருவருக்குமே சர்வீஸ் பலம் இல்லை என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின. பந்தை எங்கே வைக்க வேண்டும் என்ற அறிவிலும், எதிராளியின் வேகத்தையே எடுத்து அவனுக்குத் திருப்பித் தருகிற கைப்பக்குவத்திலும் ஜெயித்தார்கள். அந்தப் பக்குவம் நூற்றில் ஒருவருக்குக்கூட வராது.

அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் என்ன? "நம்ம ஆளுங்க குள்ளம், உடம்பு அப்படி. சர்வீஸ் நமக்கு வராது, உள்ள விழுந்தாப் போதும்." கிருஷ்ணன் குடும்பம் அப்படி எங்கேயும் சொன்னதாக எனக்குத் தெரியாது. நாமாகவே ஒரு சமாதானத்தைக் கட்டிக்கொண்டோம்.

இதில் ஒரு சங்கதியை மறந்துவிடுகிறோம். ராமநாதன் கிருஷ்ணன் ஆட்டம் கற்றுக்கொண்ட காலத்தில் சர்வீஸ் விதியே வேறு. சர்வ் போடும்போது ஒரு காலாவது தரையில் இருந்தாக வேண்டும். இன்றைக்கு எல்லோரும் எம்பிக் குதித்துப் போடுகிறார்களே, அப்படிச் செய்தால் ஃபுட் ஃபால்ட். 1960-ஐ ஒட்டித்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அந்த விதியில் வளர்ந்த உடம்பை இன்றைய சர்வீஸோடு வைத்துப் பேசுவது நியாயமில்லை.

உயரத்துக்கும் வருவோம். 1961 அரையிறுதியில் கிருஷ்ணனை வென்ற ராட் லேவருக்கு ஐந்தடி எட்டு அங்குலம். அவர் சர்வீஸை யாரும் தபால்காரரோடு ஒப்பிடவில்லை. நம் காலத்தில் ஆஷ்லி பார்ட்டி: 166 சென்டிமீட்டர், ஐந்தடி ஐந்து அங்குலம் சொச்சம். 2021-ல் விம்பிள்டனும் 2022-ல் ஆஸ்திரேலிய ஓபனும் ஜெயித்த அந்தப் பெண்ணின் பெரிய ஆயுதங்களில் ஒன்று சர்வீஸ். நம் விஜய் அமிர்தராஜ் ஆறடிக்கு மேலே, அவருக்கு உயரம் உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதே விஜய் சின்ன வயதில் நுரையீரல் கோளாறில் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்த பிள்ளை. 1973-ல் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டிலும் கால் இறுதிக்குப் போனபோது வயது இருபதுக்குள்.

உயரம் எவ்வளவு வேண்டும் என்பதை எனக்கு ஒரு நில அளவையர் கணக்குப் போட்டுக் காட்டினார். எங்கள் கோர்ட்டில் மூன்றாவது ஆளாக வருவார். தேநீர் இடைவேளையில் பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு இழுத்தார். நாம் நிற்கிற பின்கோட்டிலிருந்து நெட்டுக்கு 39 அடி. நெட்டிலிருந்து சர்வீஸ் கட்டத்தின் கோடு 21 அடி. ஆக 60 அடி. நெட்டின் நடு உயரம் 3 அடி. கயிறு பிடித்தமாதிரி நேர்கோட்டில் பந்து போய்க் கட்டத்துக் கோட்டில் விழ வேண்டுமென்றால், எந்த உயரத்திலிருந்து அடிக்க வேண்டும்? அறுபதை மூன்றால் பெருக்கி இருபத்தொன்றால் வகுத்தால் எட்டரை அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். ஐந்தடி எட்டு அங்குலம் ஆள் கையையும் மட்டையையும் முழுக்க நீட்டி, கொஞ்சம் எம்பினால் அந்த உயரத்துக்குப் போய்விடலாம்.

பேத்தி ஐந்தடி இரண்டு அங்குலம். முழுசாக நீட்டினாலும் ஏழே முக்கால் அடிதான் வரும். அப்படியானால் அவளால் முடியாதா? முடியும். பந்து கயிறு பிடித்தமாதிரி போவதில்லையே. பூமி அதைக் கீழே இழுக்கிறது. பந்தைச் சுழற்றி அடித்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். அதனால் அவள் பந்தைக் கொஞ்சம் மேல்நோக்கித்தான் அடிக்க வேண்டும், அது தானாக வளைந்து இறங்கும். நான் வேலிக்கு வெளியே நின்று கேட்டதோ, "கீழ அழுத்தி அடி, கீழ அழுத்தி அடி." அழுத்தினால் நெட்டில்தான் விழும். நெட்டில் விழுந்தால் "பலம் பத்தல, ஓங்கி அடி". ஓங்கினால் இன்னும் பலமாக நெட்டில் விழும். நூறு தடவை இப்படி நடந்தால் தோள் என்ன செய்யும்?

அவள் உடம்பைப் பார்த்தேன். கோர்ட்டைப் பார்த்து நேராக நிற்கிறாள், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க நிற்பதுபோல. இரண்டு முழங்காலும் விறைப்பு. பந்தைத் தலைக்கு நேர் மேலே, சில நேரம் தலைக்குப் பின்னால் போடுகிறாள். முழங்கை விலாவை ஒட்டிக் கீழே கிடக்கிறது. அங்கிருந்து கை மட்டும் தனியாக எழும்பிப் போய் அடிக்கிறது. கால், இடுப்பு, முதுகு மூன்றும் அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்கின்றன. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என் பழைய சர்வீஸ் ஞாபகம் வந்தது. ஒரே வித்தியாசம், நான் மெல்லத் தள்ளினேன், அதனால் தோள் தப்பியது. இவளை ஓங்கச் சொல்கிறார்கள்.

நம்ம பக்கத்து வாசகர்களுக்கு ஒன்று சொன்னால் சட்டென்று புரியும். சோளக்கொல்லையில் பரண் மேல் நின்று கவண் சுற்றி விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒல்லியான கிழவர், மேல் கையில் சதையே இருக்காது. ஆனால் கவணிலிருந்து புறப்படுகிற கல் விர்ரென்று கொல்லையின் மறுகோடிக்குப் போகும். அவர் எப்படி நிற்பார்? பக்கவாட்டில் நிற்பார். பின்காலில் உடம்பு சாய்ந்திருக்கும். முதலில் கால் தள்ளும், அப்புறம் இடுப்பு திரும்பும், அப்புறம் மார்பு, அப்புறம் தோள், முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும். கை கடைசியாகத்தான் வருகிறது. அதுவரை சேர்ந்த வேகத்தை அது கல்லுக்குக் கொடுத்துவிடுகிறது. புளியம்பழம் அடிக்கக் கல்லெறிகிற பையனும் அப்படித்தான். யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை.

டென்னிஸ் சர்வீஸும் ஒரு வீச்சுதான். கையில் மட்டை இருப்பதால் அது அடி என்று நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்க விளையாட்டு மருத்துவர் பென் கிப்ளர் சர்வீஸைப் பகுத்துப் பார்த்து, அதன் விசையில் பாதிக்குச் சற்று மேலே காலும் இடுப்பும் நடுவுடம்பும் தருகின்றன என்றும், தோளின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்றும் கணக்குச் சொன்னார். பாதியைத் தர வேண்டியவர்கள் சும்மா நின்றால், ஐந்தில் ஒரு பங்குக்காரர் எல்லாவற்றையும் இழுக்க வேண்டியதுதான். கூட்டுக் குடும்பத்தில் ஒரே ஒருவன் சம்பாதிக்கிற கதை.

நல்ல சர்வீஸில் உடம்பு எப்படி இருக்கும் என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வலதுகைக்காரர் என்றால் இடது கால் முன்னே, அதன் நுனி வலப்பக்கத்து நெட் கம்பத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். தோள் பக்கவாட்டில். மட்டையைச் சுத்தியல் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். தோசைக் கரண்டி மாதிரி பிடித்தால் பந்தைத் தள்ளத்தான் முடியும். பந்தை விரல் நுனியில் வைத்து, இடது கையை மடக்காமல் மேலே கொண்டு போய் விட வேண்டும். அது விழுந்தால் கோர்ட்டுக்கு உள்ளே ஓரடி தள்ளி விழுகிற மாதிரி. பந்து ஏறும்போது முழங்கால் மடியும், இடுப்பு முன்னே தள்ளும், இடது தோள் உயர வலது தோள் தாழும். முழங்கை தோள் மட்டத்துக்கு வந்துவிடும். அந்த நிலையில் ஒரு படம் எடுத்தால் கோப்பையைத் தூக்கிப் பிடித்தவர் மாதிரி இருக்கும். அங்கிருந்து கால் தரையைத் தள்ளி மேலே எழும்பும்போது மட்டை முதுகுக்குப் பின்னால் தானாக விழும். பிறகுதான் மேல்நோக்கி வீச்சு. பந்தைத் தொடுகிற கணத்தில் தாழ்ந்திருந்த வலது தோள் மேலே, இடது தோள் கீழே. முடிவில் இடது காலில், கோடு தாண்டி உள்ளே இறங்குவார்கள். அந்தக் கால் உள்ளே இறங்குகிறதா இல்லையா என்று பார்த்தாலே, உடம்பு வேலை செய்ததா என்று சொல்லிவிடலாம். பேத்திக்கு இரண்டு காலும் நின்ற இடத்திலேயே நின்றன.

பயிற்சியாளரை நான் குறை சொல்ல வரவில்லை. இளைஞர், தன்மையாகப் பேசினார். "முப்பது பிள்ளைங்க சார், ஒரு மணி நேரம், ஒரே கோர்ட்டு. நான் ஆடினது கபடி" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் முப்பது பிள்ளைகளுக்கும் நூறு நூறு சர்வீஸ் என்று எண்ணிக்கை கொடுப்பதுதான் தப்பு. எண்ணிக்கை கொடுப்பது சுலபம், உடம்பைப் பார்ப்பது கஷ்டம். தவறான வீச்சை நூறு தடவை போட்டால் தவறுதான் பழகும். வளர்கிற வயதில் எலும்பு முனைகள் இன்னும் முற்றாத தோளில் அந்தப் பழக்கம் காயமாகவும் மாறும். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் மூன்று வாரம் மட்டையைத் தொடக் கூடாது என்றார். "இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தா இவ்வளவு சுலபமா முடிஞ்சிருக்காதுங்க" என்றும் சொன்னார்.

என் யோசனை, செலவில்லாதது. மட்டை இல்லாமல் பழைய பந்தைத் தூரமாக எறியச் சொல்லுங்கள். நெட்டுக்கு மேலே, உயரமாக. எறிய வந்துவிட்டால் சர்வீஸ் பாதி வந்த மாதிரி. பின்கோட்டில் நிறுத்தாமல் சர்வீஸ் கட்டத்துக் கோட்டிலிருந்தே போட வைத்து, விழ விழ ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்த்துங்கள். டாஸ் மட்டும் தனியாக, வீட்டு மாடியிலேயே பழகலாம். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. பக்கத்திலிருந்து ஒரு படம், பின்னாலிருந்து ஒரு படம் எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பிள்ளைக்கே தெரியும். ஒரு நாளைக்கு முப்பது சர்வீஸ் ஒழுங்காகப் போட்டால் போதும். வலி என்று சொன்னால் அன்றைக்கு அத்தோடு நிறுத்த வேண்டும். சமாளி என்று சொல்வது வீரம் கற்றுத் தருவது ஆகாது.

இதை நண்பர் ஒருவரிடம் நடைப்பயிற்சியில் சொன்னேன். "நம்ம ஊர்ல டென்னிஸ் ஆடுறவங்க எத்தனை பேருங்க? பணக்காரங்க ஆட்டத்துக்கு இவ்வளவு விசாரமா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் நம் கிராமங்களில் வாலிபால் ஆடாத ஊர் உண்டா? சாயந்திரமானால் கம்பம் நட்டு, பல்பு கட்டி ஆடுகிறார்கள். அங்கேயும் சர்வீஸ் தலைக்கு மேலேதான். ஈட்டி எறிகிற பிள்ளை இருக்கிறாள், வேகப்பந்து போடுகிற பையன் இருக்கிறான். எல்லாவற்றிலும் இதே கால், இதே இடுப்பு, இதே தோள். பதினாறு வயதில் தோள் போய் ஆட்டத்தை விட்ட பையன்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள். "உடம்பு ஒத்துக்கல" என்றுதான் சொல்வார்கள். சொல்லித் தந்தது ஒத்துக்கொள்ளாமலும் இருந்திருக்கலாம்.

மூன்று வாரம் முடிந்து, பிசியோதெரபிஸ்ட் எறியலாம் என்று சொன்ன பிறகு, பேத்தியை அவள் மாமன் மக்காச்சோளக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். அறுவடை முடிந்து கொல்லை வெறுமையாகக் கிடந்தது. பழைய டென்னிஸ் பந்து நாலைந்து கொண்டு போயிருந்தேன். வரப்பில் பக்கவாட்டில் நிற்கச் சொன்னேன்.

"அந்த வேப்பமரத்துக்கு மேல போற மாதிரி எறி. பலமா வேணாம், உயரமா."

முதல் பந்து கிட்டவே விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். நாலாவது பந்து மரத்தைத் தாண்டி அடுத்த கொல்லையில் போய் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். வரப்பில் நின்றவள் இப்போது வரப்புக்கு அந்தப் பக்கம் கரிசல் கட்டியில் நின்றுகொண்டிருந்தாள்.

"தாத்தா, கால் தானா முன்னாடி வந்துருச்சு."

"வலிச்சுதா?"

தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பந்தைத் தேடப் போனாள். ஐந்து பந்தில் மூன்றுதான் கிடைத்தன.